பெட்டிக்குள் ஓர் ஒற்றன்

ஜப்பானில் மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியைத் திறந்தால் கரடி இருக்கும், பாண்டா இருக்கும், சில நாள் ரயில் இருக்கும். சோற்றை உருட்டி முகமாக்கி, நோரி என்கிற கடற்பாசித் தாளில் கண்ணும் வாயும் வெட்டி ஒட்டியிருப்பார்கள். பென்டோ என்ற அந்தப் பெட்டிச் சாப்பாட்டுக்குள் கதைப் பாத்திரங்களைக் கொண்டுவரும் கலைக்குக் கியாராபென் என்று பெயர். கொஞ்ச காலமாக நான் இந்தக் குறிப்பேட்டில் வரைந்து வரைந்து பார்ப்பது அந்த வகைப் பெட்டி ஒன்றைத்தான். உளவுக் கதையிலிருந்து பிறக்கும் ஒரு பென்டோ.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காலரைத் தூக்கிவிட்ட நீண்ட மேலங்கி. கை தானாக முதலில் வரைவது இதைத்தான். நோரியில் தொப்பியும் கண்ணாடியும் வெட்டுவது எளிது. மெல்லிய முட்டை அடையை மடித்தால் மேலங்கி வந்துவிடும். ஆனால் வரைந்து முடித்ததும் மனம் ஒப்பவில்லை. பார்த்த மாத்திரத்தில் உளவாளி என்று தெரிகிறவர் எப்படி உளவாளி ஆவார்? திருக்குறளில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. பார்ப்பவர் ஐயுறாத உருவம் வேண்டும் என்று அங்கே ஒற்றனுக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறது.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் தொடங்கினேன். பெட்டியைத் திறந்ததும் அது சாதாரணப் பெட்டியாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை எட்டிப் பார்த்தால் சோறும் முட்டையும் காயும் மட்டுமே கண்ணில் பட வேண்டும். யாருக்காகக் கட்டப்பட்டதோ அவருக்கு மட்டும் அது பேச வேண்டும்.

*

அப்படியானால் முதலில் சாதாரணத்தைப் படிக்க வேண்டும். வேற்றூரில் வாழப்போகும் ஒற்றன் அந்த ஊரின் பேருந்துக் கட்டணம்வரை தெரிந்துவைத்திருப்பான்.

ஜப்பானியர் வீட்டுப் பென்டோவுக்குப் பரவலாகச் சொல்லித்தரப்படும் ஒரு கணக்கு உண்டு. சோறு மூன்று பங்கு, மீனோ இறைச்சியோ முட்டையோ ஒரு பங்கு, காய்கறி இரண்டு பங்கு. 600 மில்லிலிட்டர் கொள்ளும் பெட்டியை இந்த அளவில் இடைவெளி விடாமல் நிரப்பினால் ஏறக்குறைய 600 கிலோகலோரி சேரும். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவே உணவின் அளவையும் சொல்லிவிடுகிறது. நிறத்துக்கும் கணக்கு உண்டு. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை ஐந்தும் இருந்தால் பெட்டி நிறைவு. சோறு, நோரி அல்லது எள், உமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழம், தமகோயாகி என்ற முட்டைச் சுருள், வேகவைத்த கீரை என்று வைத்தால் ஐந்தும் வந்துவிடும்.

இடைவெளி விடக் கூடாது என்பது அழகுக்காக மட்டும் சொன்னதில்லை. பிள்ளை பையை ஆட்டிக்கொண்டு ஓடும். இடம் இருந்தால் எல்லாம் ஒரு மூலைக்குச் சரியும். அதனால் கடைசியில் மிஞ்சும் சந்துகளில் ப்ரோக்கோலிப் பூ ஒன்றைச் செருகுவார்கள். இந்த இறுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. எதையும் ஒளிக்க இடமே இல்லை என்று தோன்றவைக்கும் பெட்டி ஒளிப்பதற்கு ஏற்றது.

எந்தப் பெட்டி என்பதிலும் சில நாள் மனம் அலைந்தது. கியோத்தோவுக்குத் தெற்கே யவத்தாவில், 17ஆம் நூற்றாண்டில் ஷோகாடோ ஷோஜோ என்ற துறவி இருந்தார். எழுத்தணியிலும் ஓவியத்திலும் தேர்ந்தவர். உழவர்கள் விதை போட்டுவைக்கும் நான்கு அறைப் பெட்டியைப் பார்த்து, அதே அமைப்பில் வண்ணங்களும் புகையிலையும் வைக்கப் பெட்டி செய்துகொண்டார். முந்நூறு ஆண்டு கழித்து, 1930களில், கிச்சோ உணவகத்தைத் தொடங்கிய யூகி தெய்இச்சி அந்த அமைப்பில் உணவு பரிமாறினார். இன்று ஷோகாடோ பென்டோ என்றால் விருந்துச் சாப்பாடு. விதைப் பெட்டியாகவும் வண்ணப் பெட்டியாகவும் சாப்பாட்டுப் பெட்டியாகவும் ஒரே உருவம் மூன்று அடையாளங்களில் வாழ்ந்திருக்கிறது. நம் கதைக்கு மிகப் பொருத்தம். ஆனாலும் பள்ளிப் பையில் போக முடியாத அளவுக்குக் கனமும் கௌரவமும் அதற்கு உண்டு.

கடைசியில் அகித்தா மாவட்டத்தின் ஒதாத்தே ஊர்ப் பெட்டியில் மனம் நின்றது. ஜப்பானியத் தேவதாரு மரத்தை மெல்லிய பட்டையாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, செர்ரி மரப்பட்டையால் தைத்து மூடும் நீள்வட்டப் பெட்டி. சோற்றிலிருந்து எழும் ஈரத்தை மரம் குடித்துக்கொள்ளும். ஈரம் எவ்வளவு பெரிய எதிரி என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

*

மூடியைத் திறந்ததும் தெரிய வேண்டிய முகம் எது? நோரிபென்.

சோற்றின் மேல் ஒரே விரிப்பாக நோரித் தாள், அதன்மேல் ஒரு துண்டு பொரித்த மீன், அவ்வளவுதான். 1976இல் தொடங்கிய ஹொக்கா ஹொக்கா தெய் கடைகள் முதல் இன்றைய மூலைக் கடைவரை மிக மலிவாகக் கிடைக்கும் பென்டோ அது. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத பெட்டி. ஒற்றனுக்கு இதைவிட நல்ல உடை கிடையாது.

அந்தக் கறுப்பு விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலிருந்து சொல்ல முடியாது. வழக்கமாகவே அங்கே சோயா சாற்றில் பிசிறிய கட்சுவோ மீன் சீவல் ஓர் அடுக்கு இருக்கும். சிலர் சோறு, நோரி, சோறு, நோரி என்று இரண்டடுக்காகக் கட்டுவார்கள். அடுக்கு என்ற எண்ணமே அந்த உணவுக்குள் இருக்கிறது. நான் புதிதாக எதையும் புகுத்தவில்லை. இருக்கும் அடுக்கைக் கொஞ்சம் ஆழமாக்குகிறேன்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ஒகாயாமாவில் சொல்லப்படும் கதை. 17ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டை ஆண்ட இகெதா மிட்சுமாசா, மக்கள் ஒரு சூப்பும் ஒரு தொடுகறியும் மட்டுமே உண்ண வேண்டும் என்று சிக்கனக் கட்டளை இட்டார். ஊர்க்காரர்கள் மீனையும் இறாலையும் காய்களையும் பெட்டியின் அடியில் அழகாகப் பரப்பி, மேலே சோற்றால் மூடி, ஒன்றிரண்டு எளிய துண்டுகளை வைத்தார்கள். பார்ப்பவருக்கு வெறும் சோற்றுப் பெட்டி. உண்ணும் நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்தால் திருவிழா. கட்டளைக்குக் கீழ்ப்படிந்த உணவு, தலைகீழானதும் வேறு உணவாகிவிடுகிறது. ஒகாயாமாவின் புகழ்பெற்ற கலவைச் சுஷி இப்படித்தான் பிறந்தது என்று அந்த ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

இந்தக் கதையை எப்போது நினைத்தாலும் எனக்கு அந்த அடி அடுக்கை அடுக்கிய கைகள்தான் முன்னால் வரும். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் இறாலை ஒரே திசையில் வரிசையாக வைத்திருப்பார்கள். கவிழ்க்கப்படும் அந்த ஒரு கணத்துக்காக.

*

செய்தியை எப்படி எழுதுவது? நோரியில் எழுத்து வெட்டி ஒட்டலாம். பல தாய்மார்கள் அப்படித்தான் வாழ்த்து எழுதுகிறார்கள். ஆனால் எழுத்தை யாரும் படித்துவிடுவார்கள்.

இகா, கோகா மலைநாட்டு நிஞ்ஜாக்கள் பற்றிய மரபில் ஐந்து நிற அரிசி வருகிறது. சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, ஊதா என்று அரிசியைச் சாயமேற்றி, வழியோரத்தில் சிறிது தூவிவிட்டுப் போவார்களாம். நிறத்தின் சேர்க்கையும் வரிசையும்தான் செய்தி. பின்னால் வரும் கூட்டாளி மட்டும் படித்துக்கொள்வான். மற்றவர் கண்ணுக்குச் சிந்திய அரிசி. ஒற்றர்களும் அரிசியும் ஜப்பானில் இவ்வளவு பழைய கூட்டாளிகள் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. பெட்டியின் இதயம் கிடைத்துவிட்டது.

ஐந்து நிறமும் சமையலறையிலேயே கிடைக்கும். சிவப்புக்கு உமெபோஷிச் சதையைப் பிசைந்த சோறு. மஞ்சளுக்கு வேகவைத்த முட்டைக் கருவை உதிர்த்துச் சேர்த்தது. கறுப்புக்கு அரைத்த கறுப்பு எள். ஊதாவுக்கு யூகாரி, அதாவது உமெபோஷியோடு ஊறிய சிவப்பு ஷிசோ இலையை உலர்த்திப் பொடித்த உப்புத்தூள். நீலத்துக்குச் சங்குப்பூ ஊறிய நீர். ஒவ்வொன்றிலும் நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, நோரி விரிப்புக்கு அடியில், வெள்ளைச் சோற்றில் பள்ளம் செய்து ஒரே வரிசையில் பதிக்க வேண்டும்.

ஐந்து நிறங்களை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனை செய்தி ஒரு குடும்பத்துக்குத் தேவையில்லை. கட்டுபவரும் உண்பவரும் முன்னிரவில் உட்கார்ந்து நான்கைந்தை மட்டும் பேசிக்கொண்டால் போதும். சிவப்பு முதலில் வந்தால் இன்று நான் அழைக்க வருகிறேன். நீலம் முதலில் வந்தால் பாட்டி வருகிறார். ஊதா நடுவில் இருந்தால் மாலையில் பூங்கா. இப்படி. சங்கேதச் சொல்லை எந்தத் தாளிலும் எழுதிவைக்கக் கூடாது என்பது மட்டும் என் பிடிவாதம்.

அதே மரபில் இன்னொன்றும் உண்டு. 1676இல் புஜிபாயாஷி யசுதாகே தொகுத்த பன்சென்ஷூகாய் என்ற நிஞ்ஜா நூலில் வழியுணவு உருண்டைகளுக்குச் செய்முறை இருக்கிறது. உமெபோஷிச் சதையைச் சேர்த்து உருட்டும் தாகம் தீர்க்கும் உருண்டை அதில் ஒன்று. நம் சிவப்பு உருண்டைக்கு இப்படியொரு பூர்வீகம்.

*

காலை ஏழு மணிக்குக் கட்டிய பெட்டி பகல் பன்னிரண்டுக்குத் திறக்கிறது. இந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி நிறைய யோசித்தேன்.

மூடிக்குள் காலம் சும்மா இருப்பதில்லை. நோரி ஈரத்தை உறிஞ்சிச் சுருங்குகிறது. காலையில் வட்டமாக இருந்த கண் பகலில் கோணிவிடும். கியாராபென் கட்டுபவர்கள் அதனால் நோரியைப் பாலாடைக்கட்டித் தகட்டின் மேல் ஒட்டிப் பிறகு சோற்றில் வைக்கிறார்கள். கொழுப்பு ஈரத்தைத் தடுத்துவிடும். ஒரு துண்டை இன்னொன்றோடு பிணைக்க ஊசியோ பல்குச்சியோ வைத்தால் சிறு பிள்ளைக்கு ஆபத்து. எனவே வேகாத ஸ்பகெட்டியைச் சிறிதாக ஒடித்துச் செருகுகிறார்கள். காலையில் அது ஆணி. பகலுக்குள் பக்கத்து உணவின் ஈரத்தைக் குடித்து மென்மையாகிவிடும். உண்பவருக்கு அது இருந்த சுவடே தெரியாது. வேலையை முடித்துவிட்டு மறைந்துபோகும் அந்த ஆணியைவிட நல்ல ஒற்றனை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

காலத்தை எதிர்த்துப் போராடுவதோடு அதையே வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் முடியும். வாழைப்பழத் தோலில் பல்குச்சி முனையால் மெதுவாகக் கீறினால் அப்போது எதுவும் தெரியாது. கிழிந்த இடத்தில் காற்று பட்டு, தோலில் இருக்கும் நொதி வேலை செய்து, கோடு மெல்லப் பழுப்பாகிறது. காலையில் எழுதியது பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்குள் தெளிவாகிவிடும். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு மறைமொழி புதிதில்லை. மிக்கான் ஆரஞ்சுச் சாற்றில் எழுதி, உலர்த்தி, நெருப்பில் காட்டி எழுத்தை வரவழைக்கும் அபுரிதாஷி விளையாட்டு அங்கே பழையது. வாழைப்பழத்துக்கு நெருப்பும் வேண்டாம். ஐந்து மணி நேரம் போதும்.

கட்டியவர் இதை முடிந்த நிலையில் பார்ப்பதே இல்லை. அவர் மூடும்போது பெட்டி பாதிதான் ஆகியிருக்கிறது. மீதியை ஈரமும் காற்றும் செய்கின்றன. முடிவைப் பார்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும். இது தெரிந்தே தினமும் விடியலில் எழுந்து கட்டுகிறார்கள் என்பதில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

*

மீன் குப்பி.

சுஷிப் பெட்டியோடு வரும் விரல் நீள ஞெகிழி மீன். சிவப்பு மூடி, உள்ளே சோயா சாறு. 1954இல் ஒசாக்காவில் வதனாபே தெருவோ உருவாக்கியது. அதற்கு முன் சிறு கண்ணாடி, பீங்கான் குப்பிகளில் சாறு கொடுத்துவந்தார்கள். அவை உடையும், விலையும் அதிகம். இன்று வீட்டில் நிரப்பிக்கொள்ள வெறும் மீன்களும் கடைகளில் கிடைக்கின்றன. உளவுப் படங்களில் விஞ்ஞானி ஒருவர் நாயகனிடம் கொடுக்கும் கருவிகளில் பாதிக்கு இந்த மீனின் எளிமை கிடையாது.

என் பெட்டியில் இந்த மீனுக்குள் எலுமிச்சைச் சாறு. பக்கத்து அறையில் சங்குப்பூ நீரில் ஊறி நீலமான கண்ணாடிச் சேமியா, வெள்ளரித் துண்டுகளோடு. மீனை அழுத்தினால் நீலம் ஊதாவாகி, இன்னும் அழுத்தினால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். பூவின் நிறமி புளிப்புக்கு அப்படித்தான் மாறும். இதில் செய்தி எதுவும் இல்லை. உண்பவர் தன் கையால் நிகழ்த்திப் பார்க்க ஒன்று வேண்டும், அதற்காக வைக்கிறேன். நீலச் சேமியா கொஞ்சம் கண்ணை உறுத்தும். சாதாரணத் தோற்றம் என்ற நிபந்தனையை அது மீறுகிறதோ என்று தயங்கினேன். வெள்ளரியால் மூடிவிட்டால் சரியாகும்.

தெற்கு ஆஸ்திரேலியா 2025 செப்டம்பரில் இந்த ஞெகிழி மீனைத் தடை செய்தது. ஒருமுறை பிழிந்து எறிந்தால் கடலில் போய் நிஜ மீனின் வயிற்றில் சேரக்கூடியது என்பதால் அந்தக் கவலை நியாயமானது. என் பெட்டியின் மீன் எறியப்படாது. கழுவப்பட்டு மறுநாள் வேலைக்குத் திரும்பும்.

*

இந்தப் பெட்டியை யாருக்குக் கட்டுகிறேன்? இவ்வளவு நாள் ஒரு பெயரில்லாப் பிள்ளைக்கு. நேற்று இரவு முதல் ஆன்யாவுக்கு.

தட்சுயா எண்டோ 2019 மார்ச் முதல் இணைய இதழில் வரைந்துவரும் ஸ்பை ஃபேமிலி கதையின் சிறுமி. 2022இல் தொலைக்காட்சிக்கு வந்து உலகமெங்கும் பரவியது. அப்பா லாய்ட் உளவாளி. அம்மா யோர் கூலிக்குக் கொல்பவள். இருவரும் தத்தம் காரியத்துக்காகச் சேர்ந்து நடிக்கும் குடும்பம். ஒருவர் உண்மை மற்றவருக்குத் தெரியாது. தத்தெடுத்த சிறுமிக்கு மட்டும் பிறர் மனத்தைப் படிக்கத் தெரியும். வீட்டில் எல்லாம் அறிந்த ஒரே ஆள் அவள், அதை அவளும் மறைக்கிறாள்.

அவளுக்கு ஒரு மறைமொழிப் பெட்டி கட்டுவது எப்படி? நிற உருண்டைகளைப் பதிக்கும்போதே அடுப்படியில் நிற்பவர் நினைப்பது அவள் காதில் விழுந்துவிடும். வாழைப்பழத்தில் எழுத வேண்டியதே இல்லை. இரகசியம் என்ற ஒன்றே அவளிடம் செல்லாது.

இதை இரவெல்லாம் யோசித்தபின் எனக்குப் பட்டது இது. அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் பெட்டியின் மதிப்பு குறைவதில்லை. விடியற்காலையில் ஒருவர் தன்னை நினைத்து, எந்த உருண்டை முதலில், எது நடுவில் என்று தடுமாறியதை அவள் முழுதாகக் கேட்டிருப்பாள். மற்ற பிள்ளைகளுக்குப் பகலில் கிடைப்பது அவளுக்குக் காலையிலேயே கிடைத்துவிடுகிறது. பகலில் அவள் பெட்டியைத் திறந்து, தெரியாதவள் மாதிரி வியப்பாள். அந்த வியப்பும் ஒரு பரிசுதான், கட்டியவருக்கு அவள் திருப்பித் தருவது.

ஆன்யாவுக்குப் பிடித்தது வேர்க்கடலை. ஆனால் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கடினமான கொட்டைகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பானின் நுகர்வோர் முகமை எச்சரித்திருக்கிறது. மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வாமை உள்ள பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடும். எனவே வேர்க்கடலையும் வேடம்தான். இனிப்புச் சாற்றில் வெந்த பழுப்புநிறச் சோயாக்கட்டிப் பையில் சோற்றை அடைத்தால் இனாரிச் சுஷி. அதை நீளமாகப் பிடித்து, நடுவில் ஒரு கீற்று நோரியால் இறுக்கிக் கட்டினால் தோலோடு இருக்கும் வேர்க்கடலை உருவம் வந்துவிடும். பையின் சுருக்கங்கள் கடலைத் தோலின் வரிகளாகிவிடும். தெரியாதவருக்கு இது இடை சிறுத்த இனாரி. அவளுக்கு மட்டும் வேர்க்கடலை.

*

விளையாட்டாக வரையும் கை சில இடங்களில் நிற்கிறது.

1939 செப்டம்பர் முதல் ஜப்பானில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நாட்டுப்பணி நாளாக அறிவிக்கப்பட்டது. அன்று வெள்ளைச் சோற்றின் நடுவில் ஒரே ஒரு உமெபோஷி வைத்த பெட்டியை உண்ண வேண்டும். கொடியின் உருவம் அது. பள்ளிப் பிள்ளைகளும் அதையே கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஒருவரின் பற்றுக்குச் சாட்சியாக ஆகிவிட்ட காலம்.

அதே ஆண்டுகளில் அதே தோக்கியோவில் ரிச்சர்ட் சோர்கே ஜெர்மன் பத்திரிகையாளராக வாழ்ந்துகொண்டு சோவியத் ஒன்றியத்துக்குச் செய்தி அனுப்பினார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் ஒசாகி ஹொட்சுமி. 1941 அக்டோபரில் பிடிபட்டார்கள். 1944 நவம்பர் 7 அன்று சுகாமோ சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். 1938இல் தொடங்கிய ராணுவத்தின் நாக்கானோ பள்ளி மறுபக்கத்தில் தன் இளைஞர்களை ஒற்றர்களாக்கிக்கொண்டிருந்தது. அதன் கிளையில் பயிற்சி பெற்ற ஒனோதா ஹிரூ போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் 1974 வரை இருந்தார். யானாகி கோஜி 2008இல் எழுதிய ஜோக்கர் கேம் கதைகளுக்கு அந்தப் பள்ளிதான் விதை. அந்தக் கதைகளில் வரும் ஒற்றர் தலைவர், கொல்வதும் சாவதும் ஒற்றனுக்கு ஆகவே ஆகாது என்று கற்பிப்பார், இரண்டும் பிறர் கவனத்தை ஈர்க்கும் என்பதால்.

கொடியைக் காட்டும் பெட்டியும் மறைத்துக் கொண்டுபோகும் பெட்டியும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும். நான் எந்தப் பெட்டியின் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பிள்ளையின் சோற்றுப் பெட்டி ஊருக்குக் காட்டுவதற்காக இருக்கக் கூடாது.

இதனால்தான் இன்றைய கியாராபென் போட்டிகளும் படங்களும் எனக்குச் சற்று வருத்தம் தருகின்றன. கைவேலை அபாரம். ஆனால் மூடி மூடப்படும் முன்னே ஆயிரம் பேர் பார்த்துவிடுகிறார்கள். உண்ணும் பிள்ளை கடைசி ஆளாகிவிடுகிறது. ஒப்பீடு வரும் என்று சில மழலையர் பள்ளிகள் கியாராபென் வேண்டாம் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கின்றன. நோரிபென் வேடத்தில் போகும் என் பெட்டியை எந்த ஆசிரியரும் நிறுத்த மாட்டார்.

*

ஜேம்ஸ் பாண்ட் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும். 1967இல் வந்த படத்தில் அவர் ஜப்பானுக்கு வந்தார். ஹிமெஜிக் கோட்டை நிஞ்ஜாப் பள்ளியாக நடித்தது, திரைக்கதை ரோல்ட் டால். எரிமலைக்குள் ஏவுதளம், பறக்கும் சிறு ஊர்தி எல்லாம் உண்டு. என் பெட்டிக்கு அதில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை.

ஒரு பக்கச் செய்தியை ஒரு முற்றுப்புள்ளிக்குள் அடக்கும் நுண்புள்ளிப் படத்தை மட்டும் நிஜ உளவாளிகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கடிதங்களின் புள்ளிகளில் அதை ஒட்டி அனுப்பினார்கள். பெட்டியில் அதன் இடம் கறுப்பு எள். வெள்ளைச் சோற்றின் ஓரத்தில் தூவியதுபோல் இருக்கும் எள்ளில், ஏழு மட்டும் இடுக்கியால் வைக்கப்பட்டவை. சப்தரிஷி மண்டல வடிவில். கண்டுபிடிக்காவிட்டாலும் குற்றமில்லை, எள் எள்ளாகவே சுவைக்கும்.

*

இறுதி வரைபடம் இது. நீள்வட்ட மரப்பெட்டி. முக்கால் பங்கில் நோரிபென். விரிப்பின் மேல் ஒரு துண்டு சால்மன், வெள்ளைச் சோறு தெரியும் ஓரத்தில் எள், அவற்றில் அந்த ஏழு. விரிப்பைச் சாப்பாட்டுக் குச்சியால் தூக்கினால் சீவல் அடுக்கு, அதற்கும் கீழே ஐந்து உருண்டைகள். மறுபக்கம் இரண்டு சுற்றுத் தமகோயாகி, இடை சிறுத்த இனாரி ஒன்று, வேகவைத்த கீரை. சிறு கிண்ணத்தில் வெள்ளரி மூடிய நீலச் சேமியா, பக்கத்தில் மீன் குப்பி. கேரட் ஒரு துண்டுகூட இல்லை, ஆன்யாவுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் கட்டிய துணி முடிச்சுக்குள் பெட்டிக்கு வெளியே ஒரு வாழைப்பழம்.

உண்டு முடித்ததும் செய்தி அழிந்துவிடும். எந்த ஒற்றனும் விரும்பும் ஏற்பாடு. காலிப் பெட்டி மாலையில் வீடு திரும்புவதே பதில்.

கட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சோறும் பொரியலும் நன்றாக ஆறிய பிறகே மூடியை மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகிக் கிருமி வளரும். ஜப்பானில் ஜூன் மழைக்காலத்தில் இதை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், நம் ஊர் வெயிலுக்கு இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும். நிற உருண்டைகளை வெறுங்கையால் பிடிக்காமல் மெல்லிய உறையில் வைத்துப் பிடியுங்கள். முட்டைச் சுருளை நடுப்பகுதிவரை முழுதாக வேகவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு என்றால் தக்காளியையும் திராட்சையையும் நான்காக நறுக்கி வையுங்கள், காடை முட்டை வேண்டாம். மூடுவதற்கு முன் படம் எடுக்காதீர்கள்.